ஏதேனும் ஒரு பகுதி

பம்பர் பரிசு வரவில்லை.

ஆர்.கே.புரம் மைதானத்தில் ஷாமியானா கட்டியாகிவிட்டது. பஜ்ஜிக் கடையில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. தமிழர் மன்றத்தின் பொங்கல் சந்தை இன்னும் கொஞ்ச நேரத்தில் தொடங்கிவிடும். வளையம் எறியும் கடைக்குப் பொறுப்பாளரான சுந்தரேஷ் மட்டும், சோப்பு டப்பாக்களுக்கும் பவுடர் டின்களுக்கும் நடுவில் காலியாக விரிந்து கிடந்த சிவப்புத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மிக்ஸி வருதுன்னீங்களே சார், எங்க?" என்றார் பச்சைமுத்து. விமானப் படையில் சார்ஜென்ட், தர்மபுரிக்காரர். மன்றத்து விழாக்களில் எந்தக் கயிறும் அவர் கட்டினால்தான் நிற்கும்.

"கரோல்பாக் கடைக்காரர் மனசு மாறிட்டார். வேணும்னா காலண்டர் தரேங்கறார்."

"பம்பர் பரிசு காலண்டரா? ஜனங்க நம்மளை நிக்க வச்சு வளையம் எறிவாங்க சார்."

சுந்தரேஷுக்கு வியர்த்தது. தில்லிக் குளிரில், ஸ்வெட்டருக்கு மேல் மப்ளர் சுற்றிக்கொண்டு வியர்ப்பதென்றால் விஷயம் சாதாரணமானதல்ல. பம்பர் பரிசு என் பொறுப்பு என்று கமிட்டியில் மேஜையைத் தட்டிச் சொன்னவர் அவர்தான்.

அந்தக் கமிட்டியே ஒரு கூத்து. போன மாதம் கடைக்குப் போர்டு எழுத வேண்டும் என்று பேச்சு எழுந்தபோது, மன்றத் தலைவர் ராஜகோபாலன், 'வளையெறி' என்று எழுதச் சொன்னார். டெபுடி செக்ரட்டரியாக ரிட்டயர் ஆனவர். எதற்கும் விளக்கம் இல்லாமல் காப்பிகூடக் குடிக்கமாட்டார்.

"போர்டுல வார்த்தை வந்துட்டா அர்த்தம் வந்தாகணும். வளையெறின்னா என்ன? வளையமா, எறியறதா, ஆட்டமா? யாராவது சொல்லுங்கோ."

"எங்க ஊர்த் தேர்த்திருவிழாவுல, சோப்பு டப்பா முழுசா வளையத்துக்குள்ள வரணும் சார். ஓரம் இடிச்சாலும் செல்லாது" என்றார் பச்சைமுத்து.

"எங்க ஸ்கூல்ல வளையம்னா வலைக்கு ரெண்டு பக்கமும் நின்னுண்டு கையால பிடிக்கறது. கீழ விழுந்தா அவுட்" என்றாள் விசாலாக்ஷி டீச்சர்.

"ராம்லீலா மேளாவுல பார்த்திருக்கேன். வளையம் சாஞ்சு நின்னாலே போதும், கடைக்காரன் நல்ல மூட்ல இருந்தா" என்றது இன்னொரு குரல்.

"அப்போ ஸ்க்வாஷ் பாட்டில்? கழுத்துல மட்டும் மாட்டிண்டு தொங்கினா?"

இரண்டு மாலைகள் இதே பேச்சு. கடைசியில் சுந்தரேஷ் பேனாவைத் திறந்தார். மந்திரி சபைக்கே குறிப்பு எழுதும் கை அது. ஒரே மூச்சில் எழுதி, எழுந்து நின்று படித்தார்:

"வளையெறி என்பது, எறிபவர் எறிந்த வளையம், வைக்கப்பட்ட பொருளையோ, அப்பொருளின் ஏதேனும் ஒரு பகுதியையோ சுற்றித் தங்குவதாகும்; அவ்வாறு தங்கின், அப்பொருள் முழுவதும் எறிபவரையே சாரும்."

கமிட்டி கைதட்டியது. ராஜகோபாலன் அந்த அரைப்புள்ளியைத் தனியாகப் பாராட்டினார். வீட்டுக்கு வந்தும் சுந்தரேஷுக்கு ஆனந்தம் அடங்கவில்லை. மாவு அரைத்துக்கொண்டிருந்த மனைவி காமாக்ஷியிடமும், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் ஜ்யோத்ஸ்னாவிடமும் மறுபடி மறுபடி படித்துக் காட்டினார்.

"ஏன்னா, அந்த ஏதேனும் ஒரு பகுதிங்கறது எதுக்கு?" என்று கேட்டாள் காமாக்ஷி.

"எல்லாம் ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்றார் சுந்தரேஷ்.

இப்போது அந்தப் பாதுகாப்பான விதி பெரிய எழுத்தில் போர்டில் இருந்தது. அதன் கீழே பரிசு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துணி.

"சார், வீட்ல ஏதாவது பெரிய சாமான் இருக்கா? சும்மா பார்வைக்கு வைக்கலாம். வளையத்தைவிடப் பெருசா இருந்தா எவன் ஜெயிக்கப்போறான்? சாயங்காலம் திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார் பச்சைமுத்து.

சுந்தரேஷின் முகம் மலர்ந்தது. மறு நிமிஷம் வாடியது.

பெரிய சாமான் இருந்தது. ஆனால் அது காமாக்ஷியின் கிரைண்டர்.

கோயம்புத்தூரில் பிறந்து, காமாக்ஷியோடு தில்லிக்கு ரயிலில் வந்த டேபிள் டாப் கிரைண்டர். அந்தப் பயணத்தில் கிரைண்டருக்குத்தான் பெர்த். காமாக்ஷி ஓரமாக உட்கார்ந்து அதன் மேல் கையைப் போட்டுக்கொண்டே வந்தாள். செக்டாரில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் மாவு அதில்தான் அரைபடும். ஆனால் சுவிட்சைப் போடும் உரிமை அவள் ஒருத்திக்குத்தான். சுந்தரேஷுக்குத் துடைக்கும் உரிமைகூடக் கிடையாது. "நீங்க துடைச்சா கோடு விழறது" என்பாள்.

அவள் இப்போது கோயம்புத்தூரில், தம்பியின் புதுவீட்டு கிரகப்பிரவேசத்தில் இருந்தாள். செவ்வாய்க்கிழமை காலையில்தான் வருகிறாள். வளையமோ சப்பாத்தி அளவு. கிரைண்டரின் வயிறு அண்டா அளவு. எந்தக் கணக்கில் பார்த்தாலும் ஆபத்தில்லை.

சுந்தரேஷ் ஸ்கூட்டரை உதைத்தார்.

கிரைண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது கீழ்வீட்டு பல்பீர் சிங் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆவடியில் எட்டு வருஷம் வேலை பார்த்தவர். தமிழ் நன்றாகவே பேசுவார், நடுவில் பஞ்சாப் வந்து வந்து போகும்.

"அரே சுந்தர்ஜி! மஷீனுக்கு என்ன, பீமார்? உடம்பு சரியில்லையா?"

"இல்லை சிங்ஜி. சும்மா காத்தாட..."

"அச்சா, அச்சா. காத்து நல்லது."

பின்னாலேயே வந்த ஜ்யோத்ஸ்னாவிடம் சுந்தரேஷ் குரலைத் தாழ்த்தினார். "மம்மி ஃபோன் பண்ணுவா. இதைப் பத்தி மூச்சு விடப்படாது."

"ப்ராமிஸ்ப்பா."

சுந்தரேஷ் வீட்டில் ஃபோன் கிடையாது. பல்பீர் சிங் வீட்டு நம்பரைத்தான் பி.பி., அதாவது பக்கத்து வீட்டு ஃபோன், என்று போட்டு ஊரெல்லாம் கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காமாக்ஷி அங்கே கூப்பிடுவாள். ஜ்யோத்ஸ்னா கீழே போய்ப் பேசுவாள். அதுதான் வழக்கம். இன்றும் ஞாயிற்றுக்கிழமைதான்.

சந்தை களைகட்டியது. கிரைண்டரைப் பார்த்ததும் வளையெறிக் கடையில் கூட்டம் நெருக்கியடித்தது. வளையங்கள் கிரைண்டர் மேல் மோதித் தெறித்தன. சோப்புக்கு எறிந்தவர்களுக்கு பவுடர் கிடைத்தது. பவுடருக்கு எறிந்தவருக்குப் பக்கத்துக் கடை மாமியின் முறைப்பு கிடைத்தது. ராஜகோபாலனே வந்து தோளில் தட்டினார்.

"சபாஷ் ஓய்! மிக்ஸின்னீர், கிரைண்டரே கொண்டு வந்துட்டீர்!"

ஜ்யோத்ஸ்னாவும் வந்து சேர்ந்தாள். வந்தவுடனே பரிசுகளை அழகாக அடுக்கினாள். கிரைண்டரின் ஒயரைப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் நீட்டி, மூன்று கம்பி பிளக்கைச் சிவப்புத் துணியில் குட்டிக் கோபுரம்போல நிறுத்தி வைத்தாள்.

"இது எதுக்குடி?"

"டெகரேஷன்ப்பா."

"சமத்து" என்றார் சுந்தரேஷ்.

பின்னாலேயே பல்பீர் சிங்கும் அவர் மனைவி ஹர்ஜீத் கௌரும் வந்தார்கள். சிங் டிக்கெட்டைக் கத்தையாக வாங்கினார். கோட்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். ஒரு கண்ணை மூடினார்.

"சிங்ஜி, அது பெருசு. ஃப்ளாஸ்க்குக்கு எறியுங்கோ" என்றார் சுந்தரேஷ், நல்ல மனசோடு.

"ஃப்ளாஸ்க் வேண்டாம்ஜி."

முதல் வளையம் தள்ளிப் போயிற்று. அடுத்தது கிட்டத்தில் விழுந்தது. எல்லாமே கிரைண்டரின் வயிற்றை விட்டுவிட்டு முன்பக்கமே விழுவதை சுந்தரேஷ் கவனித்தார். பாவம், கிட்டப்பார்வை என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் ஒரு வளையம் மெதுவாகச் சுழன்று வந்தது. பிளக்கைச் சுற்றி, துணியில் படிந்து உட்கார்ந்தது.

கூட்டம் எட்டிப் பார்த்தது.

"அது வந்து... பிளக்..." என்றார் சுந்தரேஷ்.

"பொருளின் ஏதேனும் ஒரு பகுதி!" என்று கூட்டத்தில் யாரோ போர்டை உரக்கப் படித்தார்கள். விசில் பறந்தது. பஜ்ஜிக் கடைக்காரர் ஜல்லிக்கரண்டியால் வாணலியைத் தட்டினார்.

சுந்தரேஷ் ராஜகோபாலனிடம் ஓடினார். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போர்டின் முன்னால் நின்று நிதானமாகப் படித்தார்.

"பிளக்குங்கறது கிரைண்டரோட பகுதியா, இல்லையா?"

"பகுதிதான். ஆனா..."

"வளையம் சுத்தித் தங்கியிருக்கா?"

"தங்கியிருக்கு. ஆனா..."

"பொருள் முழுவதும் எறிபவரையே சாரும்னு போட்டிருக்கு. இதை எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

"ஓட்டையே இல்லாம எழுதியிருக்கீர் ஓய். இந்த மாதிரி டிராஃப்ட் பண்ண இப்போ ஆள் கிடையாது."

பல்பீர் சிங் கிரைண்டரைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டார். சுந்தரேஷ் கூடவே ஓடினார்.

"சிங்ஜி, உங்களுக்கு எதுக்கு இது? இதுல லஸ்ஸி வராது."

"வராதா?"

"வரவே வராது. கல் சுத்தும். தயிர் தெறிக்கும். கரண்ட் பில் எகிறும். உங்க வீட்ல ரொட்டிதானே?"

"அங்கிள்," என்றாள் ஜ்யோத்ஸ்னா, "இதுல ஆட்டா பிசையற அட்டாச்மெண்ட் இருக்கு. வீட்ல இருக்கு. கொண்டு வரட்டுமா?"

சிங்கின் தாடிக்குள் சிரிப்பு விரிந்தது. சுந்தரேஷ் பெற்ற மகளை, எங்கேயோ கண்டெடுத்த பெண்ணைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மாலைக்குள் ஆட்டா பிசையும் கருவியும் கீழ்வீட்டுக்குப் போய்விட்டது. விதிப்படி அதுவும் ஒரு பகுதிதான்.

சுந்தரேஷ் கரோல்பாக்குக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கும் ஸ்கூட்டரில் பறந்தார். அந்த மாதிரி கிரைண்டர் ஊரிலிருந்து வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். மேலும், அதே கிரைண்டர் கிடைத்தாலும் பிரயோஜனமில்லை. காமாக்ஷி அதன் ஒவ்வொரு கீறலையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்.

மாலையில் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே டைனிங் டேபிளில், பூ வேலைப்பாடு செய்த துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு கிரைண்டர் உட்கார்ந்திருந்தது.

"சிங்ஜி, திருப்பிக் குடுத்துடுங்கோ. என் மனைவியோடது. சும்மா பார்வைக்கு வெச்சது."

"சாரி சுந்தர்ஜி. கொடுக்க முடியாது. ஜுபான் கொடுத்தாச்சு."

வாக்குக் கொடுத்துவிட்டாராம். யாருக்கு? ஹர்ஜீத் கௌருக்குத்தான் இருக்கும். மனைவிக்குக் கொடுத்த வாக்கை மீறுவது எவ்வளவு கஷ்டம் என்று சுந்தரேஷுக்குத் தெரியாதா? ஆகவே வேறு வழியில் இறங்கினார்.

"சரி. ஜெயிச்ச மாதிரியே நானும் ஜெயிச்சுக்கறேன். அந்த டவராவைக் கவுத்து வையுங்கோ. நான் வளையம் எறியறேன். விழுந்தா கிரைண்டர் எனக்கு. விழலைன்னா எங்காத்து டேபிள் ஃபேன் உங்களுக்கு."

"வேண்டாம்ஜி. ஃபேன் எதுக்கு?"

"பயமா இருக்கா?"

சிங் இந்திய ராணுவத்தில் இருந்தவர். அவரிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. பெருமூச்சோடு டவராவைக் கவிழ்த்தார்.

சுந்தரேஷ் மூச்சைப் பிடித்துக்கொண்டு எறிந்தார். வளையம் ஷோகேஸுக்கு மேலே போய், சிங் ஜெயித்திருந்த ஹாக்கிக் கோப்பையின் காதில் மாட்டிக்கொண்டு ஆடியது.

"கோப்பையை எடுத்துக்கோங்க ஜி" என்றார் சிங் இரக்கத்தோடு.

"எனக்குக் கோப்பை வேண்டாம்."

டேபிள் ஃபேன் கீழே இறங்கியது. குளிர்காலம்தானே என்று சமாதானம் செய்துகொண்டார் சுந்தரேஷ். அடுத்து குக்கரைப் பணயம் வைத்தார். வளையம் சோபாவுக்கு அடியில் போயிற்று. குக்கர் இறங்கியது.

திங்கட்கிழமை ஆபீஸில் ஃபைல்களுக்கு நடுவே ரப்பர் ஸ்டாம்ப் ஸ்டாண்டைக் குறி வைத்து ரப்பர் பேண்டை எறிந்து பயிற்சி எடுத்தார். கை பழகிவிட்டது என்றே நினைத்தார். மாலையில் டேப் ரெக்கார்டரோடு படியிறங்கினார்.

"பாய்சாப், போதும். எங்க வீட்ல வைக்க இடமில்லை" என்று கெஞ்சினாள் ஹர்ஜீத் கௌர்.

"இன்னிக்கு நான் விடமாட்டேன் பாபிஜி."

விட்டார். வளையத்தைத்தான். அது டவராவின் விளிம்பில் ஏறி, யோசித்து, மனம் மாறி, தரையில் உருண்டு, சிங்கின் செருப்பில் போய்ப் படுத்தது. ஜ்யோத்ஸ்னா திண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"அழாதேடி கண்ணா. அப்பா ஏதாவது பண்றேன்" என்றார் சுந்தரேஷ்.

அன்று அவர்கள் வீட்டில் குக்கர் இல்லாததால் சமையலும் இல்லை. கீழ்வீட்டிலிருந்து ராஜ்மாவும் சாதமும் வந்தது. இவர்களுடைய குக்கரிலேயே வந்தது. சாப்பிட்டுவிட்டு சுந்தரேஷ் குக்கரை அலம்பி, நேர்மையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை நிஜாமுத்தீன் ஸ்டேஷனில் காமாக்ஷி இறங்கினாள். முகத்தில் இரண்டு நாள் பயணக் களைப்பே இல்லை. கையில் முறுக்குக் கூடை.

"என்னன்னா, இளைச்சுட்டேளே?"

"குளிர் ஜாஸ்தி."

ஆட்டோ கிளம்பியது.

"ஆத்துல எல்லாம் இருக்கோல்லியோ?"

"இருக்கு... எல்லாம் கிட்டக்கத்தான் இருக்கு."

"இன்னிக்கே அரிசி நனைக்கணும். நாளைக்கு லேடீஸ் எல்லாரும் இட்லிக்கு வரேன்னிருக்கா."

சுந்தரேஷ் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "காமு, இந்த வாரம் உப்புமாவா பண்ணினா என்ன? நீ ரொம்ப டயர்டா இருப்பே."

"நான் டயர்டாவே இல்லையே."

"கரண்ட் வேற அடிக்கடி போறது."

"போனா வரும்."

"கிரைண்டர்னு எதுக்குச் சொல்றேன்னா..."

"நான் கிரைண்டர்னு சொல்லவேயில்லையே."

சுந்தரேஷ் வெளியே திரும்பி வேடிக்கை பார்த்தார். ஆட்டோ ரிங் ரோட்டில் வளைந்தது. இவ்வளவு சாலைகள் இருக்கிற ஊரில் ஆட்டோக்காரர் ஏன் குறுக்கு வழியாகவே போகிறார் என்று அவருக்கு ஆத்திரம் வந்தது.

வீட்டு வாசலில் இறங்கியதும் அவர் பெட்டியைக் கீழே வைத்தார். சொல்லிவிடுவது என்று தீர்மானித்துவிட்டார். மாடிப்படியின் முதல் படியில் ஜ்யோத்ஸ்னா நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"காமு, ஒரு விஷயம். நீ கோச்சுக்கப்படாது. அந்த வளையெறி இருக்கே..."

"இருங்கோ. முதல்ல கீழாத்துல முறுக்கு குடுத்துட்டு வந்துடறேன்."

"அங்க போகாதே! அவா ரெண்டு பேரும் ஊர்ல இல்லை!"

அதற்குள் கதவு திறந்தது. பல்பீர் சிங் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு சல்யூட் அடித்தார். அவருக்குப் பின்னால் துப்பட்டா விலகிய கிரைண்டர் பளபளவென்று மின்னியது. ஒரு கீறல் கூடப் புதிதாக இல்லை. சுந்தரேஷ் கண்ணை இறுக மூடிக்கொண்டார். இடி விழப்போகும் திசையைக் காதால் தேடினார்.

இடி விழவில்லை. ஹர்ஜீத் கௌரின் குரல்தான் கேட்டது.

"வாங்க பஹன்ஜி! நீங்க ஞாயித்துக்கிழமை ஃபோன்ல சொன்ன மாதிரியே இவர் பிளக்கைக் குறி பார்த்து உங்க மஷீனை ஜெயிச்சுட்டார், நீங்க வர்ற வரைக்கும் பாய்சாப் எவ்வளவு கெஞ்சியும் கொடுக்கலை. ஆனா இந்த ஃபேன், குக்கர், டேப் ரெக்கார்டர் பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லலையே, அதையெல்லாம் நாங்க எங்க வைக்கறது?"